தம்பேத்தன்னவில் ஒரு நாள்: மேலிருந்து கீழே நடந்து பார்க்க வேண்டிய தோட்டக் கிராமம்

இலங்கை மலைநாட்டின் அப்புத்தளைக்கு வருபவர்களில் பலர் அதிகாலையில் ஆட்டோ பிடித்து லிப்டன் சீட் என்ற காட்சிமுனை வரை ஏறுகிறார்கள். அங்குள்ள சிலையின் அருகே நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். வந்த ஆட்டோவிலேயே இறங்கி அடுத்த ரயிலில் எல்ல நகரத்துப் பக்கம் போய்விடுகிறார்கள். இறங்கும்போது அவர்கள் கண்மூடித் திறப்பதற்குள் கடந்து செல்லும் ஏறத்தாழ ஏழு கிலோமீற்றர் தூரம்தான் என் கணிப்பில் அப்புத்தளையின் ஆகச் சிறந்த பகுதி. லயங்கள் (தொழிலாளரின் வரிசை வீடுகள்), கோயில்கள், கொழுந்து மடுவங்கள் (பறித்த கொழுந்தை நிறுக்கும் கொட்டகைகள்), பிள்ளைக் காம்பரா (வேலைநேரத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்), பாடசாலை, கடைசியில் தேயிலை ஆலை என்று தம்பேத்தன்ன தோட்டத்தின் வாழ்வு முழுவதும் அந்தச் சரிவில் அடுக்கடுக்காக அமைந்திருக்கிறது. தலைமுறை தலைமுறையாக மக்கள் பிறந்து, உழைத்து, மணம் முடித்து, பிள்ளைகளைப் படிக்கவைத்து வாழ்ந்துவரும் இந்த இடத்தை, ஒரு காட்சிமுனைக்குப் போகும் வழியாக மட்டும் பார்ப்பது பெரிய இழப்பு. அதை ஒரே நாளில், கால்நடையாக, அங்கு வாழ்பவர்களுக்குத் தொந்தரவு தராமல் பார்ப்பது எப்படி என்பதை இங்கே விளக்குகிறேன்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு. மலைநாட்டின் இந்தச் சரிவுகளில் தேயிலைக்கு முன்பு கோப்பி இருந்தது. 1869 முதல் பரவிய இலைத்துரு நோய் கோப்பியை அழித்தது; அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1867 இல், ஜேம்ஸ் டெய்லர் கண்டிக்கு அப்பால் லூல்கந்துரவில் தேயிலையைத் தோட்டப் பயிராக வளர்த்துக் காட்டியிருந்தார். கோப்பி வீழ்ந்து நிலத்தின் விலை சரிந்திருந்த வேளையில், 1890 இல், கிளாஸ்கோ நகரத்து வணிகரான தோமஸ் லிப்டன் இலங்கைக்கு வந்து இந்தப் பகுதியில் தோட்டங்களை வாங்கினார். தம்பேத்தன்ன ஆலையும் அந்தக் காலத்தில் எழுந்ததே. நிலத்தை வாங்கியவரின் பெயர் உலகெங்கும் தேயிலைப் பொதிகளில் அச்சாகிவிட்டது. காட்டை வெட்டி, கல்லைச் சுமந்து, கன்றை நட்டவர்கள் தமிழகத்தின் வறண்ட மாவட்டங்களிலிருந்து கங்காணிமாரால் அழைத்துவரப்பட்டவர்கள். ரயில் வருவதற்கு முந்தைய தலைமுறைகள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை வரை நடந்து, அங்கிருந்து மலைகளுக்கு ஏறின. அந்தப் பாதையில் நோயாலும் பசியாலும் இறந்தவர்கள் ஏராளம். 2023 இல் மலையக மக்கள் தம் வருகையின் 200 ஆண்டுகளை நினைவுகூர்ந்தபோது, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தே சென்றார்கள். இந்த இரண்டு வரலாறுகளையும் மனதில் வைத்துக்கொண்டு போனால்தான், கீழே நான் குறிப்பிடும் சிறு சிறு பொருள்களுக்கும் அர்த்தம் புலப்படும்.

எந்த நாள், எந்த மாதம்

சனிக்கிழமையைத் தெரிவு செய்யுங்கள். ஞாயிறன்றும் போயா எனப்படும் பௌர்ணமி விடுமுறை நாளிலும் பொதுவாகக் கொழுந்து எடுப்பு நடப்பதில்லை என்பதால், மலையில் ஆளும் இருக்காது, மடுவத்தில் நிறுவையும் இருக்காது. அதேவேளை, பிற்பகலில் நீங்கள் பார்க்க வேண்டிய அடிஷம் பங்களா வார இறுதி நாட்களிலும் போயா மற்றும் பாடசாலை விடுமுறை நாட்களிலும்தான் பொதுமக்களுக்குத் திறந்திருக்கும். வேலையும் நடந்து, பங்களாவும் திறந்திருக்கும் நாள் சனிக்கிழமைதான். தோட்டத்தில் அன்று வேலை உண்டா என்பதைத் தங்குமிடத்தாரிடம் முதல்நாளே கேட்டுக்கொள்வது நல்லது. திருவிழாவோ துக்கமோ இருந்தால் முழுத் தோட்டமும் நின்றுவிடும்.

மாதங்களில் ஜனவரிப் பிற்பகுதி முதல் மார்ச் வரை மிக நல்லது: வானம் தெளிவாக இருக்கும், பாதை காய்ந்திருக்கும். ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் காலை நன்றாக இருந்தாலும் பிற்பகலில் இடி மின்னலோடு மழை இறங்கும். ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைக்காலம்; மண்சரிவு அச்சமும் அப்போதுதான் அதிகம். ஜூலை முதல் செப்டெம்பர் வரை ஊவாவில் வறண்ட கச்சான் காற்று வீசும். மலைமுகட்டில் உட்கார்ந்திருக்கும் அப்புத்தளையில் அந்தக் காற்று ஆளைத் தள்ளும் அளவுக்குப் பலமானது. ஆனால் ஊவாத் தேயிலையின் தனி மணமும் ருசியும் அந்தக் காற்றினால்தான் கிடைக்கின்றன. தேயிலையை மனதில் கொண்டு வருபவர்கள் காற்றைப் பொறுத்துக்கொண்டு அந்த மாதங்களில் வரலாம்.

கையில் எடுத்துக்கொள்ள வேண்டியவை அதிகமில்லை. பிடிமானமுள்ள சப்பாத்து, மழை அங்கி, ஒரு கம்பளிச் சட்டை, தண்ணீர், டோர்ச் லைட், சில்லறைக் காசு, அட்டைக் கடிக்கு ஒரு சிறு பொட்டலம் உப்பு ஆகியவை போதும். அட்டையைப் பிய்த்து எடுக்காதீர்கள். உப்பைத் தூவினால் தானாக விழும். குடை இங்கே பெரும்பாலும் பயன்படாது, காற்று புரட்டிவிடும்.

விடியலில் மேலே

முதல்நாள் இரவே அப்புத்தளையில் தங்குங்கள். காலை ஐந்து மணிக்கெல்லாம் ஆட்டோவில் புறப்பட்டால் வெளிச்சம் வரும் முன் லிப்டன் சீட்டை அடைந்துவிடலாம். ஆட்டோக்காரத் தம்பியிடம் புறப்படும்போதே, "ஏத்திவிட்டா போதும், நாங்க நடந்து இறங்குறோம்" என்று சொல்லி, ஒருவழிக் கட்டணத்தைப் பேசிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அவர் மேலே காத்திருந்து, உங்கள் நடையை அவசரப்படுத்த நேரும். ஏறி நடந்து, ஆட்டோவில் இறங்குவதே வீரம் என்று நினைப்பவர்கள் உண்டு. நான் அதை ஏற்பதில்லை. ஏறும்போது மூச்சு வாங்குவதால் கண் நிலத்தைத்தான் பார்க்கும். நீங்கள் மேலே சேரும் ஒன்பது, பத்து மணிக்குள் தெற்குச் சமவெளியிலிருந்து முகில் எழுந்து எல்லாவற்றையும் மூடிவிடும். இறங்கும்போது ஊர் உங்களுக்கு முன்னால் விரிந்து கிடக்கும். வேலைக்குப் புறப்படும் மக்களும் எதிரே வருவார்கள்.

லிப்டன் சீட் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,970 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. லிப்டன் தன் தோட்டங்களைப் பார்த்து அமர்ந்த இடம் என்று சொல்லப்படுவதால் அந்தப் பெயர். அங்கே அரைமணி நேரம் போதும். தெற்கே நோக்கினால் மலை சட்டென்று முடிந்து தாழ்நிலம் தொடங்குவது தெரியும். தெளிந்த காலையில் உடவலவ நீர்த்தேக்கத்தின் மினுக்கமும், அதற்கப்பால் கடற்கரைக் கோடும் புலப்படும். வடகிழக்கே நமுனுகுல மலை. இந்தத் தெற்குச் சரிவில், கீழே கொஸ்லந்தைப் பக்கத்தில், மீரியாபெத்த தோட்டம் இருக்கிறது. 2014 ஒக்டோபர் 29 காலை அங்கே மலை சரிந்து லயங்களை மூடியது. பிள்ளைகள் பாடசாலைக்குப் போயிருந்த நேரம் அது என்பதால், திரும்பி வந்தவர்களில் சிலருக்கு வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. இந்த அழகான விளிம்பில் நிற்கும் எவரும் அதை அறிந்திருக்க வேண்டும் என்று கருதுகிறேன். செங்குத்தான சரிவுகளின் அடியில் லயங்களைக் கட்டி, ஒரு நூற்றாண்டுக்கு மேல் அவற்றை அப்படியே விட்டுவைத்ததன் விலையைக் கொடுத்தவர்கள் அவர்கள்.

இறக்கம்

ஆறரை, ஏழு மணிக்கு இறங்கத் தொடங்குங்கள். மூன்று மணி நேரத்தை இதற்கு ஒதுக்குங்கள். வேகமாக நடந்தால் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும், ஆனால் அப்படி நடப்பதற்கு இங்கே வர வேண்டியதில்லை. பாதை முழுவதும் தோட்டத்து றோட்டுத்தான், வழி தவறும் அச்சமில்லை. இடையிடையே தேயிலைக்குள் இறங்கும் குறுக்குப் படிகள் தென்படும். அவற்றில் சில, மக்கள் அன்றாடம் பயன்படுத்தும் வழிகள், சில கொழுந்து எடுப்பவர்களுக்கு மட்டுமானவை. யாரையாவது கேட்டுவிட்டு இறங்குங்கள்.

முதலில் செடியைப் பாருங்கள். ஒரு மலையில் செடிகள் முன்னும் பின்னுமாக, ஒழுங்கில்லாமல், ஒவ்வொன்றும் ஒவ்வொரு பச்சையாக நின்றால் அது விதையிலிருந்து முளைத்த பழைய தேயிலை. குனிந்து அதன் அடியைப் பாருங்கள்: மேலே இடுப்பளவே உயரமுள்ள அந்தச் செடிக்குத் தொடை பருமனில் முறுக்கேறிய தண்டு இருக்கும், அதன்மேல் பாசியும் வெண்ணிறப் படையும் பூத்திருக்கும், திரும்பத் திரும்பக் கவ்வாத்து வெட்டிய தழும்புகள் முடிச்சு முடிச்சாக நிற்கும். வெட்டாமல் விட்டால் மரமாக வளரக்கூடியதைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கவ்வாத்துக் கத்தியால் வெட்டி வெட்டி இந்த உயரத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். இத்தகைய செடிகளில் பல, அவற்றை நட்டவர்களின் பேரப்பிள்ளைகளும் கொழுந்தெடுத்து ஓய்வு பெற்றுவிட்டபின்னும் துளிர்விட்டுக்கொண்டிருக்கின்றன. அடுத்த மலையிலேயே, ஒரே உயரம், ஒரே நிறம், சரிவின் வளைவை ஒட்டிய நேர்த்தியான வரிசைகளில் நிற்பது வி.பி. தேயிலை; அது தண்டை வெட்டி நாற்றாக்கி நட்ட பிற்காலப் பயிர். இந்த வேறுபாட்டைக் கண்டுகொள்ளப் பழகிவிட்டால், எந்த மலை எந்தக் காலத்தில் நடப்பட்டது என்பதை றோட்டில் நின்றபடியே ஓரளவு சொல்லிவிடலாம். மலையோரத்தில் நடப்பட்டிருக்கும் சிறு பலகைகளையும் வாசியுங்கள்: மலையின் நம்பர், பரப்பு, கவ்வாத்து வெட்டிய ஆண்டு முதலியன அவற்றில் எழுதப்பட்டிருக்கும்.

அடுத்து, கான்களையும் கற்கட்டுகளையும் பாருங்கள். மழைநீர் மண்ணை அரித்துக்கொண்டு போகாதபடி சரிவுக்குக் குறுக்கே வெட்டிய கான்கள், றோட்டைத் தாங்கி நிற்கும் கருங்கல் அணைகள் ஆகியவை இந்த ஊரின் ஆகப் பழைய கட்டுமானங்களில் அடங்கும். பல இடங்களில் சீமெந்தே இல்லாமல், கல்லோடு கல்லைப் பொருத்தி அடுக்கியிருக்கிறார்கள். ஓரிடத்தில் நின்று ஒரு கட்டைக் கூர்ந்து பாருங்கள்: பெரிய கற்களின் இடைவெளியில் உள்ளங்கையளவு கற்களைச் செருகி இறுக்கியிருப்பதும், மலைநீர் வடிவதற்கு இடையிடையே வாய் விட்டிருப்பதும் தெரியும். ஆங்கிலேயத் துரைமாரின் பங்களாக்களுக்குக் கிடைக்கும் பாராட்டில் பாதியேனும் இந்தக் கற்கட்டுகளுக்குக் கிடைத்திருக்க வேண்டும்.

பிறகு, யார் எங்கே வாழ்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். தோட்டம் எதுவானாலும் துரை பங்களா காற்றும் காட்சியும் உள்ள உயரத்தில், புல்வெளியோடும் வேலியோடும் தனித்து நிற்கும்; உத்தியோகத்தர் வீடுகள் ஆலைக்கும் றோட்டுக்கும் பக்கத்தில் இருக்கும்; லயங்கள் பயிருக்கு உதவாத துண்டு நிலத்தில், பெரும்பாலும் பள்ளத்திலோ சரிவின் அடியிலோ இருக்கும். பழைய லயத்தில் ஒரு குடும்பத்துக்குக் கிடைத்தது பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவில் ஒரு காம்பராவும் (அறையும்), முன்னால் ஒரு இஸ்தோப்பும் (திண்ணையும்) மட்டுமே. அந்த இடத்துக்குள் மூன்று தலைமுறைகள் வாழ்ந்தன. மக்கள் அதைத் தம் கையால் வீடாக்கிக்கொண்ட விதத்தைப் பாருங்கள்: இஸ்தோப்பைச் சுவர் வைத்து அடைத்து இன்னொரு அறையாக்கியிருப்பார்கள், பின்புறம் குசினி இறக்கியிருப்பார்கள், ஒரே லயத்தில் ஒவ்வொரு வாசலும் வெவ்வேறு வண்ணம் பூசியிருக்கும், முன்னால் கைப்பிடி நிலத்தில் போஞ்சியும் லீக்ஸும் ரோசாவும் நிற்கும். இடையிடையே தனிவீடுகளையும் காண்பீர்கள். லயத்தை விட்டு ஏழு பேர்ச்சஸ் (ஒரு பேர்ச்சஸ் ஏறத்தாழ 25 சதுர மீற்றர்) நிலத்தில் சொந்த வீடு என்பது இந்த மக்கள் நெடுங்காலம் போராடிப் பெறத் தொடங்கியிருப்பது, இன்னும் பெரும்பாலோருக்குக் கிடைக்காதது. பீலிக்கரைகளில் காலையில் பெண்கள் குளித்துக்கொண்டும் துவைத்துக்கொண்டும் இருப்பார்கள். அங்கே நிற்காமல், பார்க்காமல், கடந்து செல்லுங்கள்.

கோயில்களுக்கு நேரம் கொடுங்கள். தோட்டத்தின் நடுவே பெரும்பாலும் மாரியம்மன் கோயில் இருக்கும். அது கட்டியெழுப்பப்பட்டு, வர்ணம் தீட்டப்பட்டு, எவர் கண்ணிலும் படும். அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது மலைக்குள் இருக்கும் சிறிய தெய்வங்கள்: ஒரு மரத்தடி, நட்டுவைத்த இரண்டு கற்கள், ஒரு சூலம், மஞ்சள் துணி, சாம்பலான கற்பூரம். முனியாண்டியும் மாடசாமியும் ஊரிலிருந்து கூடவே வந்தவர்கள். கவ்வாத்துக்கும் கொழுந்துக்கும் ஆலைக்கும் காவலாக இருப்பவர்களோ இங்கே வந்தபின் பிறந்தவர்கள். ஆலையின் பெருஞ்சக்கரம் ஆளைப் பிடித்துவிடாதபடி காக்கும் ரோதைமுனியைத் தமிழகத்தின் எந்தக் கிராமத்திலும் நீங்கள் காண முடியாது. மாசி மாதத்தில் வருபவர்களுக்குக் காமன் கூத்துப் பார்க்கும் பேறு கிடைக்கக்கூடும். இரவிரவாக ஊரே ஆடிப் பாடும் அந்தக் கூத்துக்கு அழைப்பிதழ் எதுவும் தேவையில்லை. ஆனால் அது வழிபாடு என்பதால் சப்பாத்தைக் கழற்றிவிட்டு நில்லுங்கள்.

ஏழரை மணியளவில் பிரட்டு (வேலைக்கு ஆட்களைக் கூட்டிப் பிரித்துவிடுவது) முடிந்து ஆட்கள் மலைக்கு ஏறுவார்கள். முன்னொரு காலத்தில் தப்படித்து எழுப்பிய வேலைநாள் அது. இடுப்பில் படங்கு எனும் முரட்டுத் துணியைச் சுற்றி, தலையில் கூடையோ சாக்கோ மாட்டி வரும் அக்காமாரும் அம்மாமாரும் உங்களைக் கண்டதும், "எங்கேயிருந்து வாறீங்க?" என்று கேட்பார்கள். நின்று பதில் சொல்லுங்கள். உங்கள் ஊர், அம்மா அப்பா, பிள்ளைகள் பற்றியெல்லாம் அவர்கள் விசாரிப்பார்கள். நீங்களும் அவ்வாறே விசாரிக்கலாம். கொழுந்து எடுக்கும் இடத்தில் மட்டும் பேச்சை நீட்டாதீர்கள்: நாளொன்றுக்கு எடுக்க வேண்டிய கிலோ அளவு உண்டு, அது குறைந்தால் அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான், விழும். உங்களோடு பத்து நிமிடம் நின்றவரின் சம்பளத்தில் அது தெரியும். பேச வேண்டுமானால் கொழுந்து நிறுக்கும் நேரத்தில் மடுவத்துக்குப் போங்கள். அங்கே காத்திருக்கும் நேரத்தில்தான் சிரிப்பும் கேலியும் கதையும் நடக்கும், கணக்கப்பிள்ளையோடு கிலோக் கணக்கில் வாக்குவாதமும் நடக்கும்.

படம் எடுப்பது பற்றி உறுதியாகவே சொல்கிறேன். கேட்காமல் எடுக்காதீர்கள். "அக்கா, ஒரு படம் எடுக்கலாமா?" என்று தமிழில் கேட்பதற்கு நமக்கு எந்தத் தடையும் இல்லை, மறுத்தால் சிரித்துக்கொண்டு நகர்ந்துவிடுங்கள். லயத்து வாசலில் நின்று உள்ளே கெமராவை நீட்டுவது எவர் வீட்டிலும் செய்யத் தகாதது. பிள்ளைகளுக்கு இனிப்பும் காசும் கொடுப்பதைத் தவிருங்கள். அதனால் பாடசாலைக்குப் போகும் பிள்ளைகள் வழியில் நின்று கையேந்தப் பழகுகிறார்கள், தாய்மார் இதற்காக வருந்துவதை நேரில் கேட்டிருக்கிறேன். ஏதேனும் செய்ய விரும்பினால் தோட்டத்துச் சிறு கடையில் உட்கார்ந்து தேங்காய் ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டு, தேத்தண்ணி குடித்து, காசைக் கொடுங்கள். காலை உணவுக்கு அதைவிடச் சிறந்தது அப்புத்தளை நகரத்திலும் கிடைக்காது.

எச்சரிக்கை ஒன்று. தேயிலை மலைகளில் மிகப் பெரிய ஆபத்து குளவி. மரக்கிளைகளிலும் பாறை இடுக்குகளிலும் கூடு கட்டியிருக்கும். கலைந்தால் கூட்டமாகத் துரத்தும். குளவி கொட்டி உயிரிழந்த தொழிலாளர்கள் உண்டு. நறுமணத் தைலங்களைப் பூசிக்கொண்டு வராதீர்கள், கல் எறியாதீர்கள், ஆட்கள் ஒரு பக்கத்தைக் காட்டி "அங்கிட்டுப் போகாதீங்க" என்றால் காரணம் கேட்காமல் திரும்பிவிடுங்கள். மருந்து அடித்த மலையில் இலையைக் கிள்ளி வாயில் போடுவதும் கூடாது.

ஆலை

பத்து மணியளவில் ஆலை வாசலை அடைவீர்கள். பார்வையாளருக்கு அனுமதி உண்டா, எவ்வளவு கட்டணம் என்பதை வாசலிலேயே கேளுங்கள். உள்ளே போவதற்கு முன் வெளியே நின்று கட்டடத்தின் நீளத்தையும் மேல்மாடிகளில் வரிசையாக நிற்கும் சன்னல்களையும் கவனியுங்கள். கொழுந்தை முதலில் வாட்ட வேண்டும். அதற்குக் காற்று வேண்டும். எனவேதான் மேல்மாடிகள் முழுவதையும் சன்னலாக வைத்து, வாடிய கொழுந்து கீழ்த்தளத்து இயந்திரங்களுக்கு இறங்கும்படி அமைத்தார்கள். உள்ளேயும் அந்த ஒழுங்கிலேயே பாருங்கள்: வாட்டுதல், உருட்டி நசுக்குதல், பச்சை செம்பாக மாறும் நொதிப்பு, சூளையில் உலர்த்துதல், சலித்துத் தரம் பிரித்தல். வாட்டுதல் பொதுவாக ஓர் இரவு முழுவதும் நீடிக்கும். அதன்பின் எல்லாம் சில மணி நேரத்தில் முடிந்துவிடும். நொதிப்பு நடக்கும் இடத்தில் கொஞ்சம் அதிகம் நில்லுங்கள். பச்சைப் புல்வாடை மெல்ல மாறி, பழுத்த பழத்தின் வாசம்போல எழுவதை மூக்காலேயே பின்தொடரலாம். நொதிப்பை எப்போது நிறுத்துவது என்பதை அனுபவமுள்ளவர்கள் இன்றும் அந்த மணத்தைக் கொண்டு அறிகிறார்கள். ஒரு கிலோ தேயிலைக்கு ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும் என்பதையும், ஒவ்வொரு கொழுந்தும் இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக விரலால் கிள்ளப்பட்டது என்பதையும், நீங்கள் காலையில் கண்ட சரிவுகளோடு சேர்த்து நினைத்துப் பாருங்கள்.

ஆலையிலிருந்து அப்புத்தளை நகரத்துக்கு ஏறத்தாழ பத்துக் கிலோமீற்றர். முழுவதையும் நடக்கத் தேவையில்லை. தோட்டத்து மக்கள் ஏறும் பஸ் இந்த வழியில் ஓடுகிறது. இரண்டு மூன்று கிலோமீற்றர் நடந்து, களைத்த இடத்தில் கையைக் காட்டி ஏறிக்கொள்ளுங்கள்.

பிற்பகல்: அப்புத்தளையும் அடிஷமும்

மதியச் சாப்பாட்டுக்குப் பின் ரயில் நிலையத்திலிருந்து தொடங்குங்கள். 1865 இல் கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸ வரை திறக்கப்பட்ட பாதை, நானுஓயாவுக்கு 1885 இலும், அப்புத்தளைக்கு 1893 இலும், பதுளைக்கு 1924 இலும் வந்து சேர்ந்தது. தேயிலை இறங்கிய பாதை இது. மனிதர்கள் பிரிந்த பாதையும் இதுவே. 1948 இன் குடியுரிமைச் சட்டம் தோட்ட மக்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்றும் 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை வழங்குவதென்றும் பங்கிட்டது. அண்ணன் ஒரு நாட்டுக்கும் தம்பி இன்னொரு நாட்டுக்குமாகப் பிரிந்த குடும்பங்களை ஏற்றிக்கொண்டு தலைமன்னாருக்குப் புறப்பட்ட ரயில்களை மலையக மக்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்றார்கள். மேடையில் சில நிமிடம் உட்கார்ந்துவிட்டுப் போங்கள். மலைக்காட்சி பார்த்தபடி தண்டவாளத்தின் மேல் நடந்து பக்கத்து நிலையமான இதல்கஸ்ஹின்னவுக்குப் போகலாம் என்று யாரேனும் சொன்னால் கேட்காதீர்கள். அது சட்டப்படி குற்றம், வளைவுகளில் ரயில் வருவதும் தெரியாது. அந்தக் காட்சி வேண்டுமானால் ரயிலில் ஏறிப் பாருங்கள்.

பண்டாரவளை வீதியில் உள்ள புனித அந்திரேயர் ஆலயம் 1869 இல் கட்டப்பட்டது; கோப்பியை நோய் தாக்கிய அதே ஆண்டு. கல்லறைத் தோட்டத்தில் உள்ள பெயர்களையும் வயதுகளையும் வாசியுங்கள். துரைமாரும் அவர்களின் குழந்தைகளும் இங்கே கல்லும் எழுத்துமாக நிலைபெற்றிருக்கிறார்கள். அதே காலத்தில் தோட்டங்களில் இறந்தவர்களுக்கு அத்தகைய கல்வெட்டு பெரும்பாலும் இல்லை. அவர்களைப் புதைத்த இடங்களில் தேயிலை வளர்ந்துவிட்டது.

நகரத்துக்கு மேற்கே ஏறத்தாழ மூன்று கிலோமீற்றரில் அடிஷம் பங்களா. நான்கு மணிக்குள் சேர்ந்துவிடுங்கள். கொழும்பின் பெரிய வணிக நிறுவனம் ஒன்றின் தலைவராக இருந்த சேர் தோமஸ் லிஸ்டர் வில்லியர்ஸ் 1931 இல் இதைக் கட்டி, இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்தில் தான் பிறந்த ஊரின் பெயரையே சூட்டினார். இப்போது இது பெனடிக்ட் சபைத் துறவிகளின் மடம். நூலகமும் வரவேற்பறையும் பழையபடியே பேணப்படுகின்றன. துறவிகள் செய்யும் ஜாமும் பழரசமும் விற்பனைக்குக் கிடைக்கும். கட்டடத்தை நான் நேசிக்கிறேன். செதுக்கிய கல்லும் தோட்டமும் மிகவும் நேர்த்தியானவை. ஆனால் காலையில் காம்பராக்களைப் பார்த்தபின் மாலையில் இதைப் பார்க்க வேண்டும், முறையை மாற்றக்கூடாது. ஒரே தேயிலையின் வருவாய் எங்கே எப்படித் தங்கியது என்பதை அப்போது எவரும் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பக்கத்தில் தங்கமலைப் பறவைகள் சரணாலயத்தின் காடு தொடங்குகிறது. வெளிச்சம் இருக்கும்வரை அதன் ஓரமாக நடக்கலாம், இருட்டியபின் வேண்டாம்.

மழை வந்தால்

விடியலில் எழுந்து பார்க்கும்போது முகில் தரையோடு தவழ்ந்தால் லிப்டன் சீட்டைக் கைவிடுங்கள். மேலே வெண்மையைத் தவிர எதுவும் தெரியாது. அப்படியான நாளில் முதல் பஸ்ஸில் ஆலை வரை போய், ஆலையைப் பார்த்துவிட்டு, அங்கிருந்து இரண்டு கிலோமீற்றர் மேலே ஏறி லயங்களையும் கோயில்களையும் பார்த்துத் திரும்பினால் நாள் வீணாகாது. முகிலுக்குள் தேயிலை அழகாகவே இருக்கும். தொடர்ந்து இரண்டு நாள் கனமழை பெய்திருந்தால், தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் பதுளை மாவட்டத்துக்கு மண்சரிவு எச்சரிக்கை விடுத்திருக்கிறதா என்று பாருங்கள். விடுத்திருந்தால் பயணத்தை வேறொரு வாரத்துக்குத் தள்ளுங்கள். வழியில் றோட்டில் புதிதாக வெடிப்பு, சாய்ந்த மரம், சேறாகப் பொங்கும் ஊற்று ஆகியவற்றைக் கண்டால் உடனே திரும்பி, அருகிலுள்ள லயத்து மக்களுக்குச் சொல்லுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்துக்கும் அறிவியுங்கள்.

திரும்பும் ரயிலுக்கு இருக்கையை முன்கூட்டியே பதிவு செய்யாதவர்கள் மாலையில் பஸ்ஸில் பண்டாரவளைக்குப் போய்விடுவது எளிது. தேயிலை வாங்க விரும்பினால் ஆலையிலேயே வாங்குங்கள்: வெறும் தேத்தண்ணியாகக் குடிப்பவர்கள் பி.ஓ.பி. (Broken Orange Pekoe) தரத்தையும், பால் சேர்த்துக் குடிப்பவர்கள் அதைவிடப் பொடியான தரத்தையும் கேட்டு வாங்கலாம். காற்றுப் புகாத டப்பாவில், மிளகாய்த்தூளுக்கும் மசாலாவுக்கும் தள்ளி வையுங்கள்; தேயிலை பக்கத்திலுள்ள மணத்தை மிக விரைவில் ஏற்றுக்கொள்ளும்.